முறிவு இல்லை என்று எந்தப் படத்தை நம்பிச் சொல்வது?

முழங்காலுக்குக் கீழே அடிபட்டு எக்ஸ்ரே எடுத்தால் நாம் உடனே முறிவைத் தேடுவோம். பார்த்துப் பழகியவர்கள் அதற்கு முன், படமே நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கீழ்க்காலின் தடித்த எலும்பான டிபியா, அதன் வெளிப்பக்கத்தில் உள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலா இரண்டும் முழங்கால் மூட்டு முதல் கணுக்கால் மூட்டு வரை முழுதாக விழுந்திருக்க வேண்டும். வலி கணுக்காலில்தானே, மேலே எதற்கு என்று கேட்கலாம். கணுக்கால் பிசகி முறுக்கும்போது அந்த விசை, இரு எலும்புகளையும் இணைக்கும் சவ்வு வழியாக மேலேறி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஃபிபுலாவை உடைத்துவிடுவதுண்டு. 1840இல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் மெசோன்னவின் பெயரிலேயே இந்த முறிவு அறியப்படுகிறது. கணுக்காலை மட்டும் எடுத்த படத்தில் அது வராது. நெட்டையானவருக்கு படம் பதியும் 35×43 செ.மீ. பிளேட் போதாவிட்டால், காலை மூலைக்கு மூலை வைத்தால் ஏறத்தாழ 55 செ.மீ. கிடைக்கும். அதிலும் அடங்காவிட்டால் இரண்டு படம்தான்.

அப்புறம், கால் திரும்பியிருக்கிறதா? அதை ஃபிபுலாவே சொல்லிவிடும். நேரே எடுத்த படத்தில் அதன் இரு முனைகளும் டிபியாவோடு லேசாக ஒன்றன்மேல் ஒன்று விழ, நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். கால் வெளிப்பக்கம் திரும்பினால் ஃபிபுலா டிபியாவுக்குப் பின்னால் போய்விடும். உள்பக்கம் திரும்பினால் ஃபிபுலாவின் தலை, அதாவது மேல்முனை, டிபியாவிலிருந்து விலகி நிற்கும். எலும்பு எலும்பை மறைக்கிற இடத்தில் மெல்லிய விரிசல் தப்பிவிடும். பக்கவாட்டுப் படமும் கட்டாயம் வேண்டும் என்பது இதனால்தான்.

மூட்டு இடைவெளி மூடியதுபோல் இருந்தால் மட்டும் டெக்னீஷியனைக் குறை சொல்லக் கூடாது. கதிர் நடுக்காலைக் குறிவைத்து வருகிறது. ஓரங்களுக்கு விரிந்து போகும்போது மூட்டுகளைச் சாய்வாகத்தான் கடக்கும். சந்தேகமே மூட்டில்தான் என்றால் அதற்குத் தனிப் படம்.

கதிரின் அளவு சரியா என்பதில்தான் ஏமாறுவது சுலபம். ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துவிடும். டிஜிட்டலில் மென்பொருள் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. கதிர் குறைந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கூடினாலோ படம் பளிச்சென்றே இருக்கும், வீண் கதிர் நோயாளிக்கு. ஆகவே பளபளப்பைப் பார்க்காமல் எலும்பின் விளிம்பைப் பாருங்கள்: அது கூர்மையாக, எலும்புக்குள் வலைபோல் ஓடும் நுண்ணிய கோடுகள் தெளிவாக இருக்க வேண்டும். விளிம்பு மங்கியிருந்தால் பெரும்பாலும் கால் அசைந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் சில முறிவுகள் பிடிபடுவதில்லை. நடை பழகும் குழந்தை திடீரென்று காலை ஊன்ற மறுக்கும். படத்தில் ஒன்றும் இருக்காது. டிபியாவில் மயிரிழை முறிவு இருந்தால், ஒரு வாரம் பத்து நாள் கழித்து எடுக்கும் படத்தில் விளிம்பை ஒட்டிப் புதிய எலும்பு வளர்வது தெரியும்.