மாம்பழத்துக்கு விருப்பமா, அண்ணைக்கு விருப்பமா?

“அண்ணைக்குக் கறுத்தக் கொழும்பான் விருப்பம்.” சொற்களை இடம் மாற்றி, “கறுத்தக் கொழும்பான் அண்ணைக்கு விருப்பம்” என்றாலும் பொருள் மாறாது. ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபு அண்ணையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. உருபைக் கழற்றிவிட்டால், மாம்பழம் அண்ணையை விரும்புகிறதோ என்று கேட்க வேண்டிவரும்.

ஆயிரம் வருடங்களுக்கு முன் ஆங்கிலமும் இப்படித்தான் இருந்தது. இன்றைய ‘லைக்’ அப்போது ‘லீக்கியன்’. ‘பிடித்துப்போதல்’ என்பது பொருள். பிடித்த பொருள்தான் எழுவாய். மனிதர் நான்காம் வேற்றுமையில் நிற்பார். ‘கியூனிங்’ என்றால் அரசன், ‘கியூனிங்கே’ என்றால் அரசனுக்கு. பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும். அரசன் ஒருவன்தானே என்று ஒருமைக்கு இறங்காது.

பிறகு உருபுகள் தேய்ந்தன. ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் முதல் அசையில் விழும். கடைசி அசை மெலிந்து, மங்கி, மறைந்தது. உருபு போனதும் எழுவாயைக் காட்டும் வேலை சொல்லொழுங்கின் தலையில் விழுந்தது. ‘அரசனுக்கு’ என்று வாக்கியத்தின் முன்னால் நின்ற சொல், உருபில்லாமல் வெறும் ‘கிங்’ ஆனபோது, கேட்டவர்கள் அதையே எழுவாயாக எடுத்தார்கள். வாக்கியம் அப்படியே இருக்க, இலக்கணம் தலைகீழானது. ‘மீ’, ‘ஹிம்’ போன்ற சொற்களில் வேற்றுமை இன்னும் தெரிந்ததால் பழைய அமைப்பு அங்கே கொஞ்சம் தாக்குப்பிடித்தது. 1600 அளவில் எழுதப்பட்ட ஹாம்லெட் நாடகத்தில் அரசன் “இட் லைக்ஸ் அஸ் வெல்” என்கிறான். ‘இது எமக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது’ என்பதே அதன் பொருள்.

நம் மாணவர்களின் “ஐ ஆம் லைக்” என்ற பிழை இதன் மறுபக்கம். தமிழில் ‘விருப்பம்’ பெயர்ச்சொல். அந்த நினைப்போடு எழுதும்போது வினை ஒன்று குறைவதுபோலத் தோன்றும். கை தானாக ‘ஆம்’ போடும். ‘லைக்’ தானே வினை என்பதால் ‘ஐ லைக்’ போதும்.

விருப்பத்துக்கான வேறு பல சொற்கள் சரிவிலிருந்து வந்தவை. ‘இன்க்ளினேஷன்’ லத்தீனில் சாய்தல். ‘பென்ச்சன்ட்’ பிரெஞ்சில் சாய்ந்திருப்பது. பின்னால் ‘ஃபோர்’ வரும். ‘புரொக்ளிவிட்டி’ என்பதற்குள் மலைச்சரிவு இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கெட்ட பழக்கங்களுக்கே பயன்படுவதால், நேர்முகத்தேர்வில் உங்களைப்பற்றிச் சொல்ல உகந்ததல்ல.

இவற்றில் சுவையானது ‘பயஸ்’. ‘சாய்வு’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் இது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் புல்தரைப் பந்துருட்டு விளையாட்டுக்குள் போனது. அந்தப் பந்து வேண்டுமென்றே ஒருபக்கம் கோணலாகச் செய்யப்படுவது. வேகமாக உருளும்போது கோணல் அவ்வளவாகத் தெரியாது. வேகம் குறையக் குறையப் பந்து வளைந்து ஒருபக்கம் போகும். மனச்சாய்வையும் புள்ளிவிபரப் பிழையையும் குறிக்கும் இன்றைய ‘பயஸ்’ இந்தச் சொல்தான்.

பரீட்சையில் அதிகம் புள்ளி போவது ‘பிரிஃபர்’ என்ற சொல்லில். லத்தீனில் ‘முன்னால் கொண்டுவருதல்’. எதற்கு முன்னால் என்பதை அங்கே நான்காம் வேற்றுமை சொன்னது. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ‘டு’ வந்தது. ஆகவே ‘பிரிஃபர் டீ டு கொஃபி’. ‘கோப்பியைவிடத் தேத்தண்ணி’ என்று மனம் தமிழில் ஓடுவதால், ‘டு’ வரவேண்டிய இடத்தில் ‘விட’ என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லான ‘தான்’ எழுதிவிடுகிறோம். இரண்டு செயல்களை ஒப்பிட்டு ‘பிரிஃபர் டு வோக்’ என்று தொடங்கினால் மட்டும் ‘ராதர் தான்’ சரி. எழுத்துக்கூட்டலில், இறந்தகாலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் ‘ஆர்’ இரட்டிக்கும். ‘பிரிஃபரன்ஸ்’ என்பதில் அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிடுவதால் ஒரே ஒரு ‘ஆர்’.

‘ஃபேவரிட்’ இத்தாலியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மற்றவற்றுக்கு மேலானது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் ‘மோஸ்ட் ஃபேவரிட்’ தேவையில்லை. கைத்தொலைபேசி அதை ‘யூ’ இல்லாமல் திருத்தினால், அது அமெரிக்க எழுத்துக்கூட்டல். நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி பரப்பிய வழக்கம். நம் பாடப்புத்தகங்கள் பின்பற்றுவது பிரித்தானிய வழக்கை, ஆகவே ‘யூ’ வேண்டும்.