டிரைவ் மோடுகள்: பொத்தானை அழுத்தினால் காரில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை

எக்கோ, நார்மல், ஸ்போர்ட் என்று எழுதிய பொத்தானோ குமிழோ இன்றைய கார்கள் பலவற்றில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்போர்ட்டுக்கு மாற்றிய மறுகணமே கார் துடிப்பாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலான கார்களில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் கிடைக்கும் உச்சத் திறன் எந்த மோடிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓட்டுநரின் காலும் கையும் கேட்பதைக் காரில் உள்ள கணினிகள் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதில்தான் மோடுகளின் வேலை முதலில் தொடங்குகிறது.

முன்பெல்லாம் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் வால்வு வரை ஓர் உலோகக் கேபிள் ஓடியது. கால் இழுத்த அளவுக்கு வால்வு திறந்தது. 1980களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்ற விலையுயர்ந்த கார்களில் இந்தக் கேபிளின் இடத்துக்கு மின்கம்பி வந்தது, பிறகு சாதாரணக் கார்களுக்கும் அது பரவியது. இம்முறையில் மிதியோடு இணைந்த உணரிகள், ஒன்று பழுதானாலும் மற்றொன்று காட்டிக்கொடுக்கும்படி வழக்கமாக இரண்டு, மிதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல, கணினி ஓர் அட்டவணையைப் பார்த்து அதற்கு எவ்வளவு முறுக்குவிசை (எஞ்சின் சுழற்றும் விசை) தரவேண்டும் என்று முடிவுசெய்து, காற்றையும் எரிபொருளையும் அதற்கேற்ப அளந்துவிடுகிறது. ஒவ்வொரு மோடுக்கும் ஓர் அட்டவணை. மிதியைப் பாதி அழுத்தினால் எக்கோவில் மூன்றில் ஒரு பங்கு விசையும் ஸ்போர்ட்டில் முக்கால் பங்கும் வரும்படி அவற்றை எழுதிவைக்கலாம். எக்கோவில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது காலை அசைக்காமல் ஸ்போர்ட்டுக்கு மாற்றினால், பல கார்கள் தாமாகவே முன்னால் உந்துவதையும் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் மேலே எழுவதையும் காணலாம். கூடுதல் வேகம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, மிதியின் கடைசிப் பாதியில் இருந்த விசை முதல் பாதிக்கு இடம்பெயர்ந்ததன் விளைவுதான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிடைக்கும் பயன் இதைவிட மெய்யானது. ஸ்போர்ட்டில் கியர் தாமதமாக ஏறுகிறது, விரைவாக இறங்குகிறது. அதனால் எஞ்சின் எப்போதும் தன் வலுவான சுழற்சி எல்லைக்குள் நிற்கிறது, முந்திச் செல்ல மிதித்ததும் காத்திருக்க வேண்டியதில்லை. எக்கோ இதற்கு நேர்மாறாக, கூடிய சீக்கிரம் உயர்ந்த கியருக்குப் போய் எஞ்சினைக் குறைந்த சுழற்சியில் ஓடவிட்டு, ஏசியின் உழைப்பையும் சற்றுக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துகிறது.

ஸ்டீயரிங் விஷயத்தில் நான் சற்று ஐயத்தோடுதான் இருக்கிறேன். மின்மோட்டார் உதவியுடன் இயங்கும் ஸ்டீயரிங்கில், கை கொடுக்கும் திருப்புவிசையை உணரி அளக்கிறது, மோட்டார் மீதியைச் சேர்க்கிறது. ஸ்போர்ட் மோடு அந்த உதவியைக் குறைப்பதால் ஸ்டீயரிங் கனக்கிறது, ஆனால் பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினால் சக்கரம் எவ்வளவு திரும்பும் என்ற விகிதம் அப்படியே இருக்கிறது. கனத்தைக் கட்டுப்பாடு என்று எடுத்துக்கொள்வது எளிது, அவ்வளவே.

காரின் நடத்தை உண்மையில் மாறும் இடம் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கின் அசைவை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே தள்ளப்படும்போது எழும் எதிர்ப்புதான் அதன் வலு. மின்னணு வால்வு அந்தத் துளையைக் குறுக்கினால் எதிர்ப்பு கூடும். இன்னொரு வகையில் துளையே மாறுவதில்லை: எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் மிதக்கின்றன, சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டானதும் அவை வரிசையாகக் கோத்துக்கொள்கின்றன, சில மில்லி வினாடிகளில் திரவம் கெட்டிப்படுகிறது. 2002ஆம் ஆண்டு காடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் இந்த நுட்பம் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஒரு நீண்ட வளைவில் கார் கடைசியில் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதை ஸ்பிரிங்குகளும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு வேகமாக அந்தச் சாய்வுக்கு வரும் என்பதே ஷாக் அப்சார்பரின் பொறுப்பு. எனவே திடீரென்று தடம் மாறும்போதும் அடுத்தடுத்த வளைவுகளிலும்தான் இறுகிய சஸ்பென்ஷனின் பலன் தெரிகிறது.

அடுத்தது, சறுக்கலைக் கவனிக்கும் மென்பொருள். 1995இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் வரிசையில் அறிமுகமான நிலைப்புக் கட்டுப்பாடு, ஓட்டுநர் திருப்ப நினைத்த திசையையும் கார் உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு மிஞ்சினால் தனியொரு சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கிறது. ஸ்போர்ட் மோடு பல கார்களில் அந்த வரம்பைச் சற்றுத் தளர்த்துகிறது. பனி மோடு அதை இறுக்குவதோடு, சில கார்களில் இரண்டாம் கியரிலேயே கிளம்பவைத்து, சக்கரத்துக்குப் போகும் விசையை மட்டுப்படுத்துகிறது. மணலில் கணக்கு தலைகீழாகிறது: விசையை வெட்டினால் கார் புதைந்துவிடும் என்பதால், சக்கரம் ஓரளவு சுழல அனுமதிக்க வேண்டும். சரளையில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் சக்கரத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பூட்டவிடலாம், ஏனெனில் பூட்டிய டயருக்கு முன்னால் குவியும் கற்களே காரை நிறுத்த உதவுகின்றன. தரைக்குத் தரை மாறும் இந்த விதிகளை ஒரே குமிழில் தொகுத்துத் தந்தது 2004இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3.

இவை எதுவும் டயரின் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை. டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிமானத்தை அளக்கும் உராய்வுக் கெழு உலர்ந்த தார்ச்சாலையில் 0.9 என்று கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் பிரேக் பிடித்தபின் நிற்க ஏறத்தாழ 44 மீட்டர் ஆகும். அழுந்திய பனியில் அது 0.2 ஆகும்போது 197 மீட்டர் வேண்டும். பனி மோடு சறுக்காமல் கிளம்பவும் ஒழுங்காகத் திரும்பவும் உதவலாம், ஆனால் அந்தத் தூரத்தைச் சுருக்கித் தராது.

ஸ்போர்ட் என்ற ஒரே பொத்தான் எல்லாவற்றையும் ஒருசேர இறுக்குவது, மேடுபள்ளமான சாலையில் எதிர்மறையாகவே முடியும்: இறுகிய ஷாக் அப்சார்பர் மேட்டின் மேல் ஏறிய சக்கரத்தைத் தரைக்கு உடனே திரும்பவிடாது, தரையைத் தொடாத டயருக்கோ பிடிமானமே இல்லை. அமைப்புகளைத் தனித்தனியாகத் தேர்ந்துகொள்ளும் மோடு உள்ள கார்களில், இத்தகைய சாலைக்கு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஸ்போர்ட்டில் வைத்து, சஸ்பென்ஷனை மட்டும் கம்ஃபர்ட்டில் விட்டால் கார் வேகமாகவும் நிலையாகவும் போகும்.