லூகர் பி08: முத்திரை முதலா, நீலம் முதலா?

பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கியான லூகர் பி08இன் எல்லா உறுப்புகளிலும் ஒரே எண் இருந்தால் விலை பல மடங்கு ஏறும். எண்ணை அடிக்கவோ ஓர் எஃகு அச்சும் சுத்தியலும் போதும். எனவே எண்ணைப் படிப்பதோடு நிற்கக் கூடாது. அந்த எண் எப்போது விழுந்தது, எஃகின் மேல் துருவைத் தடுக்க ஏற்றும் கருநீலப் படலமான நீலப் பூச்சுக்கு முன்பா பின்பா என்று உலோகத்திடமே கேட்க வேண்டும்.

அதற்கும் முன் தோட்டாக்கள் இருக்கும் மேகசீனைக் கழற்றி, மேலே முழங்கைபோல் மடங்கும் டாகிளைப் பின்னிழுத்து, தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள். உள்ளே தோட்டா இருந்தால் தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் மேலெழுந்து, அதன் இடப்பக்கம் 'கெலாடன்' (தோட்டா உள்ளது) என்ற ஜெர்மன் சொல் தெரியும். இந்த அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். லூகரின் மேல்பகுதியைச் சட்டகத்திலிருந்து பிரித்த பிறகும், அறையில் தோட்டா இருந்தால், பக்கத்திலுள்ள சியர் தண்டில் (சுடும் ஊசியை விடுவிக்கும் தண்டு) விரல் அழுந்தினாலே வெடித்துவிடும்.

அடுத்தது கணக்கு. ராணுவத் தயாரிப்பில் எண்கள் ஆண்டுதோறும் 1இலிருந்து தொடங்கும்; பத்தாயிரம் முடிந்ததும் ஏ, பி, சி என எழுத்து சேரும். மௌசர் நிறுவனத் தயாரிப்பில் 'எஸ்/42' குறியுடன் தோட்டா அறைமேல் 'கே' இருந்தால் 1934, 'ஜி' இருந்தால் 1935. பின்னாளில் வந்த 'பிஒய்எஃப்' குறியுடன் 41 அல்லது 42 இருக்கும். லூகரில் 'பிஒய்எஃப் 44' கண்டால் கீழே வைத்துவிடலாம். அது பி38 என்ற வேறொரு துப்பாக்கிக்குரிய சேர்க்கை.

இனி பூச்சு. முதல் உலகப் போர்க்கால லூகர்களுக்குத் துருநீல முறை. எஃகின் மேல் அமிலக் கரைசலைத் தடவித் துருப்பிடிக்கவிட்டு, நீரில் கொதிக்கவைத்தால் செந்துரு மேக்னடைட் என்ற கருநீல இரும்பு ஆக்சைடாக மாறும். உதிரும் துகளைத் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி தடவுவார்கள். வெளியே தடவும் வேலை என்பதால் சட்டகத்தின் உட்புறம் வெள்ளெஃகாகவே நிற்கும். மௌசர் 1937இல் சூடான காரக் கரைசலில் முக்கும் உப்புநீல முறைக்கு மாறியது. முக்கினால் உள்ளும் புறமும் நீலம்தான். ஆகவே '1916' என்று பொறித்த துப்பாக்கியின் உட்புறமும் ஒரே கருமையாக இருந்தால், பிற்காலத்தில் எவரோ முக்கியெடுத்திருக்கிறார்.

குழலின் அடியிலுள்ள எண்ணும் சுட்டுச் சோதித்ததற்கான முத்திரையும் துருநீலத்துக்குப் பின் அடிக்கப்பட்டவை. அச்சு இறங்கும்போது ஒதுங்கும் உலோகம் பூச்சை உடைப்பதால், இலக்கங்களைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். சாய்வான விளக்கொளியில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பள்ளத்தின் அடியிலும் புது நீலம் என்றால் பூச்சு பிந்தியது. வளையத்தையும் போலியாக உண்டாக்குகிறவர்கள் உண்டு. அது ஒரு சாட்சி மட்டுமே. மெருகுச் சக்கரம் பட்டிருந்தால் விளிம்புகள் மழுங்கும், பிணைப்பு ஊசிகளுக்கான துளைகளின் வாய் கிண்ணம்போல் குழியும், எழுத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆழம் குறையும். குழலும் அது பொருந்தும் உடற்பகுதியான ரிசீவரும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரே கோடு வெட்டப்பட்டிருக்கும். கோடு விலகியிருந்தால் குழல் கழற்றப்பட்டது அல்லது மாற்றப்பட்டது.

சுடும் விசை (ட்ரிகர்), பாதுகாப்பு நெம்பு போன்ற சிறு உறுப்புகளின் வைக்கோல் மஞ்சள் சாயமல்ல. எஃகைச் சுமார் 220 டிகிரி சூடாக்கும்போது படியும் மெல்லிய ஆக்சைடின் நிறம். விரல் பட்டுப்பட்டு அது சாம்பல் நிறமாகும். தேய்ந்த துப்பாக்கியில் விசை மட்டும் தங்கம்போல் மின்னினால் சந்தேகப்படுங்கள். மௌசர் 1937இல் இந்த மஞ்சளையும் கைவிட்டது. 1940ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் அது வந்தது எப்படி?

பழைய எண்ணை அராவிவிட்டு வேறு எண் அடித்திருந்தாலும் முதல் அடியின் தடம் முழுதும் போய்விடாது. அச்சு விழுந்த இடத்தின் கீழே எஃகின் படிகங்கள் நசுங்கியிருக்கும். நசுங்கிய உலோகத்தை அமிலம் வேறு வேகத்தில் அரிப்பதால் அழித்த இலக்கம் மங்கலாக எழும். தடயவியல் கூடங்கள் இதற்குக் காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைப் பயன்படுத்துகின்றன. கரைசல் பட்ட இடத்தில் மிச்சமிருக்கும் அசல் நீலமும் கரைந்துபோகும் என்பதால் சேகரிப்பாளர் யாரும் அதைத் தொடுவதில்லை.