உறுதியில் எழுதாத தண்ணீர்

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளில் எல்லைகளுக்குப் பிறகு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். கிணறு நாலு பேருக்குப் பொது, இறைப்பு முறை வைத்து. துலா (ஏற்றம்) மிதிக்கிற ஆள் களைத்தால் தண்ணீரும் நின்றுவிடும். வேறு காவல் தேவைப்படவில்லை. மோட்டர் களைப்பதில்லை. “என்ரை வளவு, என்ரை கிணறு, ஆர் கேக்கிறது?” என்ற பேச்சுக்குப் பலம் வந்தது அதோடுதான்.

வளவு அவரவருடையதுதான். ஆனால் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். வேலி அதற்குள் இறங்காது. மழைத்தண்ணீர் அங்கே உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அந்த 1 அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி எழும்பப் பார்க்கும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. நல்ல தண்ணீர் தேடிக் குழாய்க்கிணற்றை ஆழமாக்குவது சவரைத் தேடிப் போவது. இறைப்புத் தொடங்கும்போதும் முடியும்போதும் தண்ணீரின் மின்கடத்துதிறனை (உப்புக் கூடினால் அதுவும் கூடும்) அளந்து கொப்பியில் எழுதுங்கள். முடிவில் ஏறினால் இறைப்பைக் குறைத்து, இடைவெளி விட்டு இறையுங்கள்.

மலகூடக் குழிதான் பெரிய சிக்கல். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி விடு என்பது வழக்கமான விதி. 2 பரப்புக் காணி 5,445 சதுர அடி; சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடிகூட வராது. தன் கிணற்றுக்கு 50 அடி விட்டவர் மதிலோரம் குழி வெட்டுவார். மதிலுக்கு அந்தப் பக்கம் 10 அடியில் அயலவர் கிணறு. அவர் கணக்கில் விதியும் மீறப்படவில்லை, தண்ணீரும் கெட்டுப்போச்சு. பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளையும் குறிக்கவேண்டும். மலகூடத் தாங்கியின் அடியும் சுவரும் கொங்கிறீட்டாக இருக்கவேண்டும். அடி திறந்த குழி சுண்ணக்கல்லில் வடிகுழாய் மாதிரி. அரசு கண்டிப்பாகத் தலையிட வேண்டிய இடம் இது, ஏனென்றால் கெடுதல் வேலி தாண்டுகிறது.

பசளை விடயத்தில் அரசு செய்தது வேறு. 1962 முதல் மானியம் கொடுத்து அள்ளிப்போடப் பழக்கியது; 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, நவம்பரில் பின்வாங்கியது. இரண்டு முறையும் கிணற்றை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. பட்டி அடைத்த எருவும் அளவு மிஞ்சினால் நைத்திரேற்றாகத்தான் (தண்ணீரில் கரையும் நைதரசன் சேர்வை) இறங்கும். சேதனம் (இயற்கைப் பசளை) என்ற பெயர் தண்ணீருக்குத் தெரியாது.

50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். முழுவதும் கழுவுண்டு இறங்கினால், சுத்தமான 20 இலட்சம் லீற்றர் தண்ணீரை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற குடிநீர் எல்லைக்குக் கொண்டுவரப் போதும். வெங்காயத்துக்கு ஒரேயடியாகப் போட்டு, உடனே வாய்க்கால் நிரம்ப விடுவதுதான் இழப்பின் வழி. போடும் அளவைச் சிறுசிறு பங்காகப் பிரியுங்கள். போட்டபின் மண் நனையுமளவு மட்டும் விடுங்கள். மாரி மழை இருண்டு நிற்கையில் போடாதீர்கள். எந்தப் பயிர், எவ்வளவு என்பது தோட்டக்காரரின் முடிவு. கிணற்று அளவீடு எல்லை தாண்டினால் மட்டும் கட்டுப்பாடு வரட்டும்.

அளப்பது சிரமமில்லை. மோட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான போத்தலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். மாரி முடிந்த தையில் ஒருமுறை, கோடை முற்றிய ஆவணியில் ஒருமுறை. அறிக்கையில் “நைத்திரேற்று-நைதரசன்” என்றிருந்தால், அது நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்ட எண்; எல்லை 50 அல்ல, சுமார் 11. இதைக் கவனியாமல் 20 என்ற எண்ணைக் கண்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு.

எல்லை தாண்டிய தண்ணீரில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைக்கக்கூடாது. இரத்தம் ஒட்சிசன் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. ஆவியாகக் குறைய அது இன்னும் செறியும்.