டிம்மர்: ஒரு சொல்லும் நான்கு செடி விளக்குகளும்

மின்சாமான் கடைக்குப் போய், "நாலு எல்இடி லைட்டுக்குச் சேர்த்து ஒரு டிம்மர் வேணும்ணா" என்றேன். அவர் எடுத்து வைத்தது மின்விசிறி ரெகுலேட்டர் போல, சுவிட்ச் பெட்டியில் பதிக்கிற ஒரு திருகு. டிம்மர் என்ற சொல்லுக்கு அவர் தந்தது சரியான பொருள்தான். ஆனால் எனக்கு அது உதவாது. மாடி அறையில் நான்கு அடுக்குகளில் கீரையும் லெட்டூஸும் திருநீற்றுப் பச்சிலையும் வளர்க்கிறேன். அடுக்குக்கு ஒன்றாகத் தொங்கும் குரோ லைட்டுகளை, அதாவது செடி வளர்க்கும் எல்இடி விளக்குகளை, ஒரே இடத்திலிருந்து கூட்டவும் குறைக்கவும் ஒரு கருவி வேண்டியிருந்தது. அதற்கும் பெயர் டிம்மர்தான். உள்ளே நடக்கும் வேலை முற்றிலும் வேறு. ஒரே சொல் இரண்டு கருவிகளைச் சுமப்பதால் பணம் வீணாகிறது, விளக்கும் கெடுகிறது. அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

டிம் என்பது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். இருண்ட, ஒளி குன்றிய என்று பொருள். முதலில் அது பண்புச்சொல். பிறகு வினையாகி, அந்த வினையைச் செய்யும் கருவிக்கு டிம்மர் என்று பெயர் வந்தது. அந்தக் கருவி பிறந்த இடம் நாடக மேடை. மேடையில் பொழுது சாய்வதைக் காட்ட விளக்கைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எரிவாயு விளக்குகள் இருந்த காலத்தில் குழாயைத் திருகினால் போதும். மின்விளக்கு வந்ததும் அந்த வசதி போயிற்று. அப்போது கண்டுபிடித்த வழிகளில் ஒன்று உப்புநீர்ச் சாடி. உப்பு கரைத்த நீரில் இரண்டு உலோகத் தகடுகள். மேல் தகட்டை இறக்கினால் மின்தடை குறைந்து விளக்கு பிரகாசமாகும், ஏற்றினால் மங்கும். தண்ணீர் சூடாகி ஆவியாகிவிடும் என்பதால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் மின்தடையை வைத்துக் குறைத்த கருவிகளும் சூடேறித் தீ ஆபத்தைத் தந்தன. அந்த ஆபத்தைக் குறைக்க கிரான்வில் வுட்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் 1896-இல் ஒரு பாதுகாப்பான டிம்மருக்குக் காப்புரிமை பெற்றார்.

வீட்டுச் சுவரில் பதிக்கிற சின்ன டிம்மர் வரக் காரணமானவர் ஜோயல் ஸ்பைரா. நியூயார்க்கில் 1959-இல் அதை உருவாக்கினார், 1961-இல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த வகை, மின்சாரத்தைச் சூடாக மாற்றி வீணாக்காமல், அலையின் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. நம் ஊர் மின்சாரத்தில் நொடிக்கு 100 அரை அலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வெட்டினால் குண்டு பல்பின் இழைக்குச் சராசரியாகக் குறைந்த மின்சாரம் போகும். இழை சட்டென்று குளிர்வதில்லை, அதனால் வெட்டு கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரர் எனக்குக் காட்டிய திருகு இந்த இனம்தான்.

தமிழ்ப் பேச்சில் டிம் எப்போதோ குடியேறிவிட்டது. வோல்டேஜ் இல்லாத மாலையில் "லைட் டிம்மா எரியுது" என்கிறோம். இரவில் எதிரே லாரி வந்தால் டிம் அடிக்கச் சொல்கிறோம். சமையலறையில் இதற்கு ஒரு தங்கை உண்டு: "அடுப்பை சிம்ல வை". சிம் வந்தது சிம்மர் என்ற வேறொரு ஆங்கிலச் சொல்லிலிருந்து. ஆனால் அந்தக் கைத்திருகல் நமக்கு ஒன்றாகவே தோன்றுகிறது. மூன்றாவது ரெகுலேட்டர். மின்விசிறிக்கு என்று வந்த அந்தச் சொல், இன்று சுவரில் உள்ள எந்தத் திருகுக்கும் பொருந்திவிட்டது. செடி வளர்க்கும் நண்பர்கள் பலரும் "ரெகுலேட்டர் போட்டுக் குறைச்சிடலாமே" என்று சொல்வது இதனால்தான்.

அப்படிக் குறைக்கக் கூடாது. குரோ லைட்டில் எல்இடி நேராக வீட்டு மின்சாரத்தில் எரிவதில்லை. நடுவே டிரைவர் என்ற பெட்டி உண்டு. தமிழில் இதை இயக்கி என்கிறோம், நல்ல சொல். இயக்கி வீட்டு மின்சாரத்தை வாங்கி, எல்இடிக்கு வேண்டிய சீரான மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. வெட்டுப்பட்ட அலை உள்ளே வந்தால், அதற்கென்று செய்யப்படாத இயக்கி ரீங்கரிக்கும், விளக்கு துடிக்கும், நாளடைவில் பழுதாகவும் செய்யும். ஒளியைக் குறைக்கும் வேலை இயக்கிக்குள்ளேயே நடக்க வேண்டும். நம் கையில் இருக்கும் கருவி, இவ்வளவு போதும் என்று இயக்கிக்குச் சொன்னால் போதும். அந்தச் சேதியைக் கொண்டுபோக இயக்கியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் வெளியே வரும். அவற்றுக்கிடையே 10 வோல்ட் இருந்தால் முழு ஒளி, 5 வோல்ட் இருந்தால் ஏறக்குறையப் பாதி, 1 வோல்ட் என்றால் பத்தில் ஒரு பங்கு. இந்த முறை குழல்விளக்குச் சோக்குகளின் காலத்திலேயே வந்தது. பெரும்பாலும் கம்பிகள் ஊதாவும் சாம்பலும். அமெரிக்காவில் நியூட்ரல் கம்பியும் சாம்பலாக இருந்து குழப்பியதால் 2022 முதல் அங்கே சாம்பலுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு வருகிறது.

இனி பல விளக்குகளின் கதை. பலரும் தடுக்கி விழும் இடம் இது, நானும் விழுந்தேன். அந்த மெல்லிய கம்பிகளில் மின்னோட்டத்தைத் தருவது நம் திருகு என்று நினைப்போம். தருவது இயக்கி, திருகு அதை வாங்கிக்கொள்கிறது. மீன்வெல் என்ற நிறுவனத்தின் இயக்கிகளில், பெயர் பி என்று முடியும் வகையை எடுத்துக்கொள்வோம். அந்த வகைக்குத்தான் இந்தக் கம்பிகள் உண்டு. ஏ என்று முடிந்தால் பெட்டியிலேயே ஒரு சிறு திருகாணி இருக்கும், அவ்வளவுதான். பி வகையில் ஒவ்வொரு இயக்கியும் 100 மைக்ரோஆம்பியர் தரும். அதில் 100 கிலோஓம் திருகுத்தடையை, அதாவது திருகினால் மின்தடை மாறும் திருகை, இணைத்து முழுக்கத் திருப்பினால் சரியாக 10 வோல்ட் வரும். ஒரு விளக்குக்கு இது கச்சிதம்.

நான் நான்கு இயக்கிகளின் கம்பிகளையும் சேர்த்து அதே 100 கிலோஓம் திருகில் முடிந்துவிட்டேன். திருகைக் கால் பங்கு திருப்புவதற்குள் நான்கு அடுக்கும் முழு வெளிச்சத்துக்குப் போய்விட்டன. மீதி முக்கால் பங்கு திருப்பினாலும் எதுவும் மாறவில்லை. ஒரு மயிரிழை அசைத்தால் ஒளி எகிறியது. திருகுதான் கெட்டுவிட்டது என்று இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. அதற்குள் முள்ளங்கி நாற்றுகளின் விளிம்பு வெளுத்துவிட்டது. காகிதத்தில் கணக்குப் போட்டதும்தான் புரிந்தது. நான்கு இயக்கிகள் சேர்ந்து 400 மைக்ரோஆம்பியர் தருகின்றன. 25 கிலோஓம் வந்தவுடனேயே 10 வோல்ட் எட்டிவிடுகிறது. விளக்குகள் எத்தனையோ, 100 கிலோஓமை அத்தனையால் வகுக்க வேண்டும். கடையில் சட்டென்று கிடைத்தது 22 கிலோஓம். அதோடு 3.3 கிலோஓம் தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்துவிட்டேன். மேலே முழு ஒளி, கீழே 1.3 வோல்ட் அளவில் நின்றுவிடும். அதற்குக் கீழே பல இயக்கிகள் ஒழுங்காக வேலை செய்வதில்லை, அதனால் அது இழப்பே இல்லை. இப்போது திருகின் முழு வட்டமும் பயன்படுகிறது.

இந்த அனுபவத்தோடு தமிழ்ச் சொல்லைத் தேடினால், எது பொருந்தும் எது பொருந்தாது என்பது தெளிவாகத் தெரிகிறது.

முதலில் நாவில் வருவது மங்கு. சங்கப் பாடல்களில் மேகத்துக்கும் இருளுக்கும் மங்குல் என்று பெயர், அவ்வளவு பழைய வேர். சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. விளக்கு தானாக மங்குகிறது, அது தன்வினை. அடங்கு என்பதற்கு அடக்கு, ஒடுங்கு என்பதற்கு ஒடுக்கு, மழுங்கு என்பதற்கு மழுக்கு என்று பிறவினை வருகிறது. அதே வாய்பாட்டில் மங்கு என்பதற்கு மக்கு வர வேண்டும். ஆனால் மக்குவது குப்பை எருவாவதற்குப் போய்விட்டது. அதனால் மங்கலாக்கி என்று சுற்றி வர வேண்டியிருக்கிறது. மங்கல் என்றால் தெளிவின்மையும்கூட: புகைப்படம் மங்கல், பார்வை மங்கல். ஒளியைக் குறைக்கும்போது எதுவும் தெளிவிழப்பதில்லை.

தணி இதைவிட நல்ல சொல். தீ தணிந்தது, தீயைத் தணித்தேன் என்று இரண்டு பக்கமும் இயல்பாக வரும். சுவரில் பதிக்கிற, மின்சாரத்தையே வெட்டிக் குறைக்கிற கருவிக்கு ஒளித்தணிப்பி என்பது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் என் அடுக்குத் திருகு எதையும் தணிப்பதில்லை, செய்தி மட்டும் சொல்கிறது.

இந்த வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு அருமையான சொல் இருந்தது: தூண்டுகோல். அகல்விளக்கின் திரியை முன்னே தள்ளவும் இழுக்கவும் வைத்திருந்த குச்சி. எண்ணெயைத் தருவது அகல், எரிவது திரி. இரண்டையும் செய்யாமல் எவ்வளவு எரிய வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்வது தூண்டுகோல். அப்படித் தூண்ட வேண்டாத விளக்குக்குத் தூண்டாவிளக்கு என்று பெயர். மெல்லிய இரண்டு கம்பிகளின் முனையில் இருக்கும் திருகு செய்வதும் இதே வேலைதான். இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ள எனக்கு மிகவும் ஆசை. ஆனால் இன்று தூண்டுகோல் என்றால் ஊக்கம் தருபவர் என்றே எல்லோருக்கும் படும். கடையில் கேட்டால் யாருக்கும் விளங்காது.

நான் வந்து நின்ற சொல் மட்டம். நீர்மட்டம், கடல்மட்டம் போல ஒளிமட்டம். கூடுவதும் குறைவதும் இரண்டும் அதில் அடங்கும். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டமும் இதே சொல்லில் பிறந்த கருவிதான். தரம் குறைந்தது என்ற பொருளும் மட்டத்துக்கு உண்டு, ஆனால் ஒளிமட்டம் என்று சேர்ந்து வரும்போது அந்த எண்ணம் எழுவதில்லை. ஆகவே பல விளக்குகளுக்கு ஒன்றாக வைக்கும் டிம்மிங் கன்ட்ரோலர், ஒளிமட்டக் கருவி.

இப்படிச் சொல்லும்போது கேள்வியும் மாறிவிடுகிறது. எவ்வளவு மங்க வைப்பது என்பது போய், எந்த மட்டத்தில் நிறுத்துவது என்று கேட்கத் தொடங்குகிறோம். அதற்குக் கண்ணை நம்பக் கூடாது. அளவில் கால் பங்காகிவிட்ட ஒளி, கண்ணுக்குப் பாதி போலத்தான் தோன்றும். செடி உள்வாங்குவது ஒளித்துகள்களை. அவற்றை எண்ணும் அலகுதான் மோல், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். இலையின் மேல் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 250 மைக்ரோமோல் விழுந்து, விளக்கு 16 மணி நேரம் எரிந்தால், ஒரு நாளைக்கு 14.4 மோல். லெட்டூஸுக்கு 12 முதல் 17 மோல் வரை என்பது பொதுவான கணக்கு. முளைத்து இரண்டு நாளான நாற்றுக்கு இதில் பாதி போதும். ஒளித்துகள்களை அளக்கும் கருவி விலை அதிகம். வெள்ளை எல்இடி என்றால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அலகான லக்ஸ் அளவை ஏறக்குறைய 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிடைத்துவிடும். நான் அப்படித்தான் பார்த்து, திருகைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: நாற்று, கீரை, லெட்டூஸ்.

அப்புறம் ஒன்று கவனித்தேன். நான்கு அடுக்கிலும் ஒரே பயிர், ஒரே வயது என்றால் ஒரு கருவி போதும். மேல் அடுக்கில் நாற்றும் கீழே வளர்ந்த செடியும் இருந்தால் ஒரே மட்டம் ஒன்றுக்குக் கூடும், மற்றதற்குக் குறையும். நான் இப்போது இரண்டாகப் பிரித்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் இரண்டு விளக்கு, 50 கிலோஓம் திருகு. நூற்றுக்கணக்கான விளக்கு உள்ள கூடத்துக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் எண்வடிவில் கட்டளை அனுப்பும் டாலி என்ற முறை சரிப்படும். அதில் ஒரே தடத்தில் 64 கருவிகளுக்குத் தனித்தனி முகவரி தரலாம். வீட்டு அடுக்குக்கு அது தேவையில்லை. அணைப்பதை மட்டும் ஒளிமட்டக் கருவியிடம் விடாதீர்கள். பல இயக்கிகள் 10 விழுக்காட்டில் எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரத்தைத் துண்டிக்க டைமர் தனியாக வேண்டும்.

கடையில் டிம்மர் என்றே கேளுங்கள், அந்தச் சொல்தான் அங்கே செல்லும். கூடவே மூன்று விஷயம் சொல்லுங்கள்: இயக்கியில் டிம்மிங் கம்பி இருக்கிறது, அது 10 வோல்ட் வகை, சேர்த்து இணைக்கப் போவது இத்தனை விளக்கு. நான் இரண்டாம் முறை அப்படிக் கேட்டபோது, கடைக்காரர் சுவர்த் திருகுகள் இருந்த பெட்டியை மூடிவிட்டு, உள்ளே போய் வேறு பெட்டியை எடுத்து வந்தார்.