தராசில் ஒரு குன்றிமணி

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா கேட்டு எழுதியிருந்தார். மகளுக்குத் தாலி எடுக்க டர்பன் கடைக்குப் போனாராம். காலையில் சொன்ன விலை சாயங்காலம் இல்லை. “தங்கம் வெட்டுவது நம் தென்னாப்பிரிக்காவில். விலை சொல்வது யார்?”

லண்டன்காரர்கள்தான். ராண்டின் ஏற்ற இறக்கம், கடையின் செய்கூலி எல்லாம் அக்காவுக்கே தெரிந்திருக்கும். அடியில் இருக்கும் டாலர் விலைக்கு மட்டும் வருவோம்.

லண்டனில் தங்கத்துக்கு விலை குறிப்பது 1919 செப்டம்பரில் ஆரம்பித்த பழக்கம். பிறகு பல காலம் ராத்ஸ்சைல்டு வங்கியின் ஓர் அறையில் ஐந்து நிறுவனத்தார் கூடுவார்கள். தலைவர் ஒரு விலை சொல்வார். இந்த விலைக்கு வாங்க எத்தனை கட்டி, விற்க எத்தனை கட்டி? வாங்க ஆள் அதிகமென்றால் ஏற்றுவார், விற்க அதிகமென்றால் இறக்குவார். மேசையில் ஆளுக்கொரு குட்டி பிரிட்டிஷ் கொடி. வாடிக்கையாளரிடம் பேச வேண்டியவர் அதை நிமிர்த்தினால் எல்லாம் நிற்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமானால் அன்றைய விலை அதுதான்.

இதில் எனக்குப் பிடித்ததே இதுதான்: பூமியில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த நிமிடத்தில் எந்தத் தட்டில் மிச்சம் நிற்கிறது என்பதே கேள்வி. பத்தர் தராசைப் பாருங்கள். தட்டுகள் சமத்தை நெருங்கிய பிறகு ஒரு குன்றிமணி போதும், முள் சாய்ந்துவிடும்.

2012 ஜூன் 28 அன்று அதுதான் நடந்தது. மதிய விலை அவுன்சுக்கு 1,558.96 டாலரைத் தாண்டினால் ஒரு வாடிக்கையாளருக்கு பார்க்லேஸ் வங்கி 39 லட்சம் டாலர் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். வங்கியின் வர்த்தகர் ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கும்போதே பெரிய விற்பனைக் கட்டளையைத் தட்டில் போட்டார். விலை 1,558.50-இல் நின்றது. வெறும் 46 சென்ட்! வாடிக்கையாளர் சும்மா விடவில்லை, விளக்கம் கேட்டார். 2014-இல் வங்கிக்கு 2 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம்.

2015 மார்ச்சிலிருந்து கணினி ஏலம். ஒரு சுற்று 30 விநாடி. முடிந்ததும் வாங்கும் மொத்தமும் விற்கும் மொத்தமும் வெளியே தெரியும். தட்டை மூடி வைத்து நிறுத்த முடியாது. ஆனாலும் ஏலத்துக்கு வெளியே சந்தை உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாமல் கட்டளை போட்டு, விலை நகர்ந்ததும் அழிக்கும் ஏமாற்று அங்கே நடந்தது. அதற்கும் அமெரிக்க அரசுக் கடன்பத்திரச் சந்தையில் செய்த இதே ஏமாற்றுக்கும் சேர்த்து 2020-இல் ஜேபி மார்கன் வங்கி 92 கோடி டாலர் கட்டியது.

அட்சய திரிதியைக்கு வாங்கினால் பெருகும் என்பார்கள். ஏலக் கணினிக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது.

சரி, அக்காவின் கேள்வி. ஏலம் லண்டன் நேரப்படி காலை 10:30, மதியம் 3 மணி. அங்கே கோடையென்றால் நமக்கு 11:30, 4 மணி. அங்கே குளிர்காலமென்றால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி. காலையில் விலை கேட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போவதற்குள் இரண்டு ஏலமும் முடிந்திருக்கும்.