ருமேனியா விசாவில் ஜெர்மனியில் வேலை பார்க்க முடியாது

இந்த வாரமும் அதே கேள்விதான். "ருமேனியாவுக்கு வேலை விசா வந்திருக்கிறது. ஒரு மாதம் அங்கே இருந்துவிட்டு ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ மாறிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். எல்லாம் ஒரே யூனியன்தானே?" கேட்பவர் ஏற்கெனவே நகையை அடகு வைத்துப் பாதிப் பணத்தைக் கட்டியிருப்பார். அதனால்தான் இதைக் கொஞ்சம் கோபத்தோடு எழுத வேண்டியிருக்கிறது.

ஒரே யூனியன் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். ஷெங்கனில் 29 நாடுகள். இரண்டு பட்டியலும் ஒன்றல்ல. அயர்லாந்தும் சைப்ரசும் ஒன்றியத்தில் இருக்கின்றன, ஷெங்கனில் இல்லை. சுவிட்சர்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஷெங்கனில் இருக்கின்றன, ஒன்றியத்தில் இல்லை. ஷெங்கன் என்பது எல்லையில் பாஸ்போர்ட் பார்ப்பதை நிறுத்த நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடு. வேலை செய்யும் உரிமையை ஒவ்வொரு நாடும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. ரயிலில் உங்களை யாரும் இறக்கிவிடவில்லை என்பதற்காக, இறங்கிய ஊரில் வேலை பார்க்கலாம் என்று ஆகிவிடாது.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை எடுத்துப் படியுங்கள். விசா வகை என்ற இடத்தில் 'சி' என்றிருந்தால் அது குறுகிய காலப் பயணத்துக்கு மட்டும். 'டி' என்றிருந்தால் கொடுத்த நாட்டில் நீண்ட காலம் தங்கலாம். மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாட்களில் 90 நாள் வரை போய்வரலாம். போய்வரத்தான், வேலைக்கு அல்ல. ருமேனியா முதலாளியின் பெயரில் வாங்கிய அனுமதி ஜெர்மனி உணவகத்தில் செல்லாது. அங்கே பிடிபட்டால் திருப்பி அனுப்புவதோடு நுழைவுத் தடையும் வரலாம். அந்தத் தடை ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றின் கணினியிலும் தெரியும்.

'சி' விசாவில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை' என்பது விசா செல்லுபடியாகும் காலம். அதற்குப் பக்கத்தில் தங்கும் நாட்கள் தனியாக அச்சிட்டிருக்கும். ஒரு மாதம் செல்லுபடியாகும் விசாவில் தங்கும் நாள் 15 என்றிருந்தால் 15 நாள்தான். வந்து இறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். 90 நாள் முடிந்ததும் ஒரு நாள் வெளியே போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். 2026 ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இருந்தவர், பல முறை நுழையும் விசா வைத்திருந்தாலும், ஜூன் 30-க்கு முன் மறுபடி உள்ளே வர முடியாது. முன்பு மங்கலான முத்திரையை வைத்துச் சமாளித்தவர்கள் இருக்கலாம். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில் முகமும் கைரேகையும் பதிவாகின்றன, நாட்களைக் கணினி எண்ணுகிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கிறார்கள். அந்த நாடுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. 2015-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தஞ்சம் தேடி வந்தபோது, கிரேக்கத்திலும் இத்தாலியிலும் குவிந்தவர்களில் 1,60,000 பேரைப் பகிர்ந்துகொள்வதாக முடிவெடுத்தார்கள். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்குப் போட்டுத் தோற்றன. ஆனாலும் உண்மையில் இடம் மாறியவர்கள் ஏறக்குறைய 35,000 பேர்தான். தஞ்ச விதிகளை மீறியதற்காக 2024 ஜூனில் ஒன்றிய நீதிமன்றம் ஹங்கேரிக்கு 20 கோடி யூரோ அபராதமும், திருத்திக்கொள்ளும்வரை நாளுக்குப் பத்து லட்சம் யூரோவும் விதித்தது. 2024 மே மாதம் நிறைவேறிய புதிய ஒப்பந்தத்திலும் பேரம்தான்: ஆட்களை ஏற்க விரும்பாத நாடு ஆளுக்கு 20,000 யூரோ கொடுத்து ஒதுங்கலாம்.

பொருளாதாரம் வேறு பக்கம் இழுக்கிறது. மக்கள் முதுமையடைகிறார்கள், வேலைக்கு ஆள் போதவில்லை. 2024 இலையுதிர் காலத்தில் இந்தியத் திறன் தொழிலாளருக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அதே ஜெர்மனிதான் அந்த ஆண்டு செப்டம்பர் 16 முதல் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையை மீண்டும் தொடங்கியது. தகுதிச் சான்றிதழோடு நேர் வழியில் வருபவர் வேண்டும், சுற்று வழியில் வருபவர் வேண்டாம். அரசியல்வாதிகள் தேர்தலில் வாக்காளர்களுக்குச் சொல்வது இதைத்தான். நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று ஏஜென்ட் உங்களிடம் சொல்லமாட்டார்.

தஞ்சம் கேட்பவர்களுக்கு, அதாவது நம்மவர் 'அசூல் அடிப்பது' என்று சொல்வதற்கு, டப்ளின் விதி இருக்கிறது. எந்த நாடு உங்கள் மனுவை விசாரிக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. விசா கொடுத்த நாடு பொறுப்பு. விசா இல்லாமல் வந்தால் முதலில் நுழைந்த நாடு பொறுப்பு. பிரான்ஸ் விசாவில் வந்து சுவிஸில் அசூல் அடித்தால் பிரான்சுக்கு அனுப்பத்தான் பார்ப்பார்கள். "சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, அங்கே டப்ளின் இல்லை" என்பது முழுப் பொய். சுவிஸும் நோர்வேயும் டப்ளினில் இருக்கின்றன. வெளியே போனது பிரிட்டன், 2020 கடைசியில்.

ஆகப் பெரிய கேடு செய்யும் ஆலோசனை இதுதான்: "ஆறு மாதம் ஒளிந்திரு, டப்ளின் முடிந்துவிடும்." பொறுப்பான நாடு ஏற்றுக்கொண்ட பிறகு ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது, 2026 நடுப்பகுதிவரைக்கான டப்ளின் விதியின் மூன்றாம் பதிப்பில் உண்மைதான். ஆனால் ஆள் தலைமறைவு என்று பதிவானால் அதிலேயே அது 18 மாதமாகிறது. முகாமில் கையெழுத்து வைக்காமல் நண்பர் வீட்டில் தங்குவதே தலைமறைவாகப் பதிவாகலாம். உதவித்தொகையும் இருப்பிடமும் போய்விடும். 2026 நடுப்பகுதியிலிருந்து பொருந்தும் புதிய விதிகள் இன்னும் கடுமையானவை. கைரேகை எடுக்கும் வயது 14-இலிருந்து 6-க்கு இறங்குகிறது. கைரேகையை மறைக்க விரல் நுனியைத் தயவுசெய்து சுட்டுக்கொள்ளாதீர்கள். தோல் ஆறியதும் மறுபடி எடுப்பார்கள்.

ஒளிவதற்குப் பதில் முதல் நேர்காணலிலேயே குடும்பத்தைச் சொல்லுங்கள். நீங்கள் தஞ்சம் கேட்கும் நாட்டில் கணவரோ மனைவியோ அகதியாக ஏற்கப்பட்டிருந்தால், அல்லது தனியாக வந்த சிறுவருக்குப் பெற்றோர் அங்கே இருந்தால், முதலில் நுழைந்த நாடு என்ற விதியைக் குடும்ப விதி முந்தும். திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு எல்லாம் அன்றே கொடுங்கள். வயது வந்த அண்ணன் இருக்கிறார் என்பது மட்டும் பொதுவாகப் போதாது.

வேலைக்கு வருபவர்கள் செய்ய வேண்டியவை. இந்தியாவிலிருந்து என்றால் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். இலங்கையிலிருந்து என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உரிமத்தைச் சரிபாருங்கள். போர்ச்சுகலுக்குச் சுற்றுலா விசாவில் போய் அங்கேயே பதிந்துகொள்ளலாம் என்பது பழைய கதை. அந்த வழி 2024 ஜூனில் மூடப்பட்டது. நாடு மாறுவதற்கு நேர் வழியும் இருக்கிறது. படிப்பும் சம்பளமும் தகுதிக்கு வந்தால் ப்ளூ கார்டு எடுங்கள்; உயர் தகுதி வேலைக்கு ஒன்றிய நாடுகள் கொடுக்கும் அனுமதி அது. முதல் நாட்டில் 12 மாதம் முடிந்ததும் இரண்டாவது நாட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்கலாம். ஒன்றிய நாடுகளில் டென்மார்க்கும் அயர்லாந்தும் மட்டும் இதில் சேராது.

கடைசியாக, ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு. முடிவுக் கடிதம் மஞ்சள் உறையில் வரும். போட்டுவிட்டுப் போன தேதியைத் தபால்காரர் உறையின் மேலேயே எழுதியிருப்பார். டப்ளின் முடிவுக்கு எதிராக நீதிமன்றம் போக அந்தத் தேதியிலிருந்து ஒரு வாரம்தான். சுவிஸில் ஐந்து வேலை நாட்கள். கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறார்கள், அப்புறம் தேதியை நிரூபிக்க வழியில்லை. மொழி புரியவில்லை என்றாலும் பரவாயில்லை, உறையோடு சேர்த்துப் படம் எடுத்து, வந்த அன்றே வழக்கறிஞருக்கோ ஆலோசனை மையத்துக்கோ அனுப்பிவிடுங்கள்.